உடம்பு தேறிட்டியே!

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. சாப்பாடு, எடை, வாந்தி எல்லாம் வரும். இப்போ அதுல தவிச்சுக்கிட்டு இருக்கிறவங்க யாராவது இருந்தா இன்னொரு நாள் படிங்க, தப்பில்ல.

நான் வட சென்னையில ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறேன். படிச்சது எம்பிபிஎஸ். மனநல மருத்துவர் இல்ல. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இது நான் யாரையோ குணப்படுத்தின கதை இல்ல. ஒரே பொண்ண மூணு தடவை கோட்டை விட்ட கதை. அப்புறம் அந்தப் பொண்ணு எனக்குப் பாடம் எடுத்த கதை. அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்கள மாத்தியிருக்கேன். அவ போட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு: "என் வெயிட் எவ்ளோ இருந்துச்சுன்னு மட்டும் எழுதாதீங்க மேடம்."

ஏம்மான்னு கேட்டேன். "படிக்கிறதுல எவளாவது ஒருத்தி அத விட ஒரு கிலோ கம்மியாவணும்னு நெனப்பா. நான் அப்டித்தான் நெனச்சேன்."

அதனால இந்த த்ரெட்ல கிலோ கணக்கு எதுவும் வராது.

ஊரு சடையங்குப்பம் பக்கம். சென்னை மாநகராட்சிக்குள்ள தான் இருக்கு, ஆனா சென்னைக்காரங்கள்லயே பாதிப் பேருக்கு அது எங்க இருக்குன்னு தெரியாது. மணலி புதுநகர் பக்கம், கொசஸ்தலை ஆத்தோரம். பூண்டி ஏரியத் திறந்துட்டாங்கன்னா டிவியில பேர் வர்ற ஊர்கள்ல ஒண்ணு. பர்மா நகர், இருளர் காலனி எல்லாம் பக்கத்துலயே. அப்பா மணலியில காண்ட்ராக்ட் வேலை. அம்மா வீட்டு வேலைக்குப் போறாங்க. வீட்டுல ஆயா ஒருத்தங்க. 60-கள்ல பர்மாவுல இருந்து துரத்தி விட்டப்போ சின்னப் பொண்ணா கப்பல்ல வந்து இறங்கினவங்க.

2022 ஜூலை. எங்க ஓபி. பொண்ணுக்கு 19 வயசு, காலேஜ் ரெண்டாம் வருஷம். மாதவிடாய் சரியா வரல, ஸ்கேன்ல பிசிஓடின்னு எழுதியிருக்கு. வெளியில லைன் வராண்டா தாண்டி நிக்குது. நான் ரிப்போர்ட்ட பார்த்துட்டு, தலைய நிமிர்த்தாமலே, "வெயிட்ட குறைம்மா, எல்லாம் சரியாயிடும்"னு சொன்னேன். அம்மா பக்கத்துல நின்னுட்டு, "நல்லா சொல்லுங்க டாக்டரம்மா, சோறு மேல சோறு துன்னுது"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

மருத்துவமா பார்த்தா அந்த அறிவுரை தப்பில்ல. புத்தகத்துல இருக்கிறது தான். ஆனா பிசிஓடி, பிசிஓஎஸ்னு சொல்ற இந்தப் பிரச்சனை இருக்கிற பெண்களுக்கு, மத்த பெண்கள விட உணவுக் கோளாறுகள் வர வாய்ப்பு அதிகம். 2023-ல வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டி அதையும் கவனத்துல வைங்க, எடைய வெச்சு அவங்கள அவமானப்படுத்தாதீங்கன்னு டாக்டர்களுக்குத்தான் சொல்லுது. 2022-ல எனக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அந்த லைன்ல கேட்டிருப்பேனான்னு சத்தியமா சொல்ல முடியல.

எட்டு மாசம் கழிச்சு நெஞ்செரிச்சல்னு வந்தா. ஆளு பாதியா இருந்தா. "பரவாயில்லையே, சூப்பரா குறைச்சிட்டியே! எப்டிம்மா?"ன்னு கேட்டேன். "வாக்கிங் மேடம்." பேன்டப்ரசோல் பதினஞ்சு நாளைக்கு எழுதினேன். இது ரெண்டாவது.

மூணாவது, மிக்ஜாம். 2023 டிசம்பர். எண்ணூர் கழிமுகத்துல வெள்ளத்தோட எண்ணெய் கலந்து, படகு, வலை, வீட்டுச் சுவரெல்லாம் கறுப்பா நின்னுச்சே, அந்த வாரம். ஒரு ஸ்கூல்ல நிவாரண முகாம், எனக்கு மெடிக்கல் கேம்ப் ட்யூட்டி. எலிக்காய்ச்சல் வரக்கூடாதுன்னு டாக்ஸிசைக்ளின் குடுத்துட்டு இருக்கோம். அந்த அம்மா ஓடி வந்தாங்க. "டாக்டரம்மா, பாப்பா சாப்ட்டதெல்லாம் வாந்தி எடுக்குது." வெள்ளத்துல வாந்தின்னா என்ன நெனப்போம்? தண்ணி சரியில்ல. ஓஆர்எஸ் நாலு பாக்கெட், வாந்தி மாத்திரை. அடுத்த ஆளக் கூப்பிட்டேன்.

அந்த முகாம பத்தி அவ பின்னாடி சொன்னத இங்கயே சொல்லிடறேன். எல்லாரும் வரிசையா உக்காந்து ஒரே நேரத்துல பொட்டலம் பிரிச்சு சாப்பிடணும். லெமன் சாதம், தக்காளி சாதம். கதவு சரியா சாத்தாத கக்கூஸ், வெளிய எப்பவும் பத்து பேர். ரெண்டு வருஷமா யாருக்கும் தெரியாம அவ வெச்சிருந்த விஷயம் அங்க மறைக்க இடமில்லாமப் போச்சு. "வெள்ளத்துல எல்லாரும் வீட்ட நெனச்சு அழுதாங்க மேடம். நான் பாத்ரூம நெனச்சு அழுதேன்." ஒவ்வொரு பொட்டலத்துக்கு அப்புறமும் பொண்ணு எழுந்து போறத அம்மா முதல் தடவையா பார்த்தது அங்கதான்.

2024 ஜனவரி. காலேஜ்ல மயங்கி விழுந்து கேஷுவால்ட்டிக்கு வந்தா. பொட்டாசியம் 2.4. 3.5-க்கு மேல இருக்க வேண்டியது. ஈசிஜியில மாற்றம். கன்னம் ரெண்டும் காதுக்குக் கீழ உப்பியிருக்கு. நான் பொன்னுக்கு வீங்கியான்னு யோசிச்சிட்டு இருக்கேன். கூட நின்ன ஹவுஸ் சர்ஜன் பொண்ணு மெதுவா, "கைய காட்டும்மா"ன்னு சொல்லி அவ வலது கைய திருப்பினா. விரல் முட்டியில காய்ச்சுப் போன தழும்பு.

படிச்சவங்களுக்குத் தெரியும், அதுக்கு ரஸ்ஸல் சைன்னு பேரு. ஜெரால்ட் ரஸ்ஸல் 1979-ல புலிமியா நெர்வோசாவ விவரிச்சு எழுதின கட்டுரையில இருக்கு. விரல விட்டு வாந்தி எடுக்கும்போது பல்லு பட்டுப் பட்டு வர்ற தழும்பு. கன்ன வீக்கமும் அதனாலதான், எச்சில் சுரப்பி வீங்கும். பொட்டாசியம் குறையறதும் அதனாலதான். மூணும் சேர்ந்தா இறுதியாண்டு தேர்வுல அஞ்சு மார்க் கேள்வி. நேர்ல வந்தப்போ எனக்குத் தெரியல.

"எப்டிம்மா கண்டுபிடிச்ச?"ன்னு ஹவுஸ் சர்ஜன்கிட்ட கேட்டேன். "தெரியும் மேடம்"னு மட்டும் சொன்னா. நான் மேல கேக்கல. 1998-ல சென்னையில நடந்த ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. ஸ்ரீனிவாசனும் அவர் கூட இருந்தவங்களும் செஞ்சது, 210 மருத்துவ மாணவர்கள்கிட்ட. அதுல 14.8 சதவீதம் பேருக்கு சாப்பாடு, உடம்பு சம்பந்தமான ஒரு அவஸ்தை இருந்துச்சு. முழு நோய்னு சொல்ற அளவுக்கு இல்ல, ஆனா இருந்துச்சு. அது நாம தான், டாக்டர்கள்தான். இது இங்க இல்லாத நோய், பணக்கார வீட்டு வியாதின்னு சொல்ற நண்பர்களுக்காகச் சொல்றேன்.

நான் கூட அப்டித்தான் நெனச்சிருந்தேன். 1920-லயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில மதியச் சாப்பாடு ஆரம்பிச்ச ஊரு இது. பசியப் போக்குறது தான் நம்ம பொது சுகாதாரமே. ரத்தசோகை, எடை குறைவு, சத்துணவு. இதுல ஒருத்தி சோறு இருந்தும் சாப்பிட மாட்டேங்குறா, சாப்ட்டத வெளிய தள்றான்னா நம்ம மூளை ஒண்ணு அல்சர்னு சொல்லும், இல்ல திமிருன்னு சொல்லும்.

பொட்டாசியத்த ஏத்தினோம். பொட்குளோர் சிரப் குடிச்சவங்களுக்குத் தெரியும் அந்த ருசி. மனநலப் பிரிவுக்கு அனுப்பணும்னு சொன்னதும் அம்மா கேட்டது: "கீழ்ப்பாக்கத்துக்கா?" நீங்க எதிர்பார்த்த அதே கேள்விதான். இல்லம்மா, வாரத்துல ஒரு நாள் ஓபி, ஒரு சைக்காலஜிஸ்ட் பேசுவாங்க, பஸ்ல போயிட்டு பஸ்ல வந்துடலாம்னு சொல்லி சம்மதிக்க வெச்சேன். ஃப்ளுவாக்சட்டின் ஆரம்பிச்சாங்க. மூளையத் தூங்க வைக்கிற மாத்திரை இல்ல அது. புலிமியாவுல அந்த உந்துதலக் கொஞ்சம் குறைக்கும். கூடவே பேச்சு சிகிச்சை.

ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் மாசாமாசம் எங்ககிட்ட வருவா. ஓபி முடியற நேரத்துல வரச் சொல்லிடுவேன். இதுக்கு அப்புறம் நான் எழுதறதெல்லாம் அந்த நேரத்துல அவ சொன்னது.

முதல் விஷயம் பசி. அனோரெக்சியான்னா கிரேக்கத்துல பசியின்மை. 1873-ல வில்லியம் கல் அந்த நோய்க்கு அப்டிப் பேரு வெச்சாரு. பொருத்தமே இல்லாத பேரு. இவ வாந்திக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பட்டினிதான் கிடந்திருக்கா. "பசி இல்லன்னு யார் சொன்னா மேடம்? நாள் பூரா சோறுதான் மண்டையில. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் யூடியூப்ல சமையல் வீடியோ பார்ப்பேன். பிரியாணி, மீன் குழம்பு, கேக்கு. நான் சாப்பிட மாட்டேன், தங்கச்சிக்கு ஊட்டுவேன்."

இது அவ குணமில்ல. 1944-45-ல அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஏன்சல் கீஸ் ஒரு பரிசோதனை செஞ்சாரு. ஆரோக்கியமான 36 இளைஞர்கள், தாங்களாவே முன்வந்தவங்க, ஆறு மாசம் அரைப்பட்டினி. அவங்களும் சமையல் புத்தகம் சேர்த்தாங்க, பேச்செல்லாம் சாப்பாட்டப் பத்தியே போச்சு, தட்ட நக்கினாங்க. மறுபடி சாப்பாடு குடுத்தப்போ சிலருக்கு எவ்ளோ சாப்ட்டாலும் அடங்கல. ஒல்லியாகணும்னு ஆசைப்பட்டு வந்தவங்க இல்ல அவங்க. பட்டினி போட்டா எந்த மூளையும் அப்டித்தான் ஆகும். இத அவகிட்ட சொன்னப்போ ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப நான் பேராசை புடிச்சவ இல்லியா?"ன்னு கேட்டா. ஆயா அவள அப்டித்தான் சொல்லியிருந்தாங்க, பழைய குழம்புச் சட்டிய ராத்திரி வழிச்சுத் தின்னத பார்த்துட்டு.

புலிமியாங்கிற சொல்லுக்கு மாட்டுப் பசின்னு அர்த்தம். நம்ம மணிமேகலையில காயசண்டிகைக்கு வந்தது யானைத்தீ. எவ்ளோ தின்னாலும் அடங்காத பசி, முனிவர் சாபம். மணிமேகலை அமுதசுரபியில இருந்து போட்ட சோத்துல அது தீருது. இந்தக் கதைய சும்மா பேச்சுவாக்குல சொன்னேன். "ஒரே வேளையில சரியாயிடுச்சா? லக்கி"ன்னா.

ரெண்டாவது விஷயம், இதத்தான் நான் டாக்டர்களுக்கும் சொந்தக்காரங்களுக்கும் முக்கியமா சொல்ல வந்தேன். தமிழ்ல நோய் குணமாச்சுன்னா என்ன சொல்வோம்? "உடம்பு தேறிட்டா." "முகத்துல சதை போட்ருக்கு, இப்பதான் பார்க்க நல்லாருக்கு." டைஃபாய்டு, டிபின்னு படுத்து எழுந்த பிள்ளைக்கு அது ஆசீர்வாதம். இவ காதுல அது எப்டி விழுந்துச்சு தெரியுமா? ரெண்டு மாசம் சிகிச்சை எடுத்து, மூணு வேளையும் சாப்ட்டு, வாந்திய வாரத்துக்கு ஒண்ணுன்னு குறைச்சு, ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கா. அத்தை கன்னத்தக் கிள்ளி, "உடம்பு தேறிட்டியே!"ன்னாங்களாம். மண்டப பாத்ரூமுக்கு நேரா போயிட்டா.

அத்தை மேல தப்பில்ல. நானும் அதே மாசம் அதையேதான் செஞ்சேன். எடை மிஷின்ல ஏத்திட்டு, "வெரி குட், ஏறியிருக்கு!"ன்னு கை தட்டாத குறை. "நீங்க சந்தோஷமா சொன்னீங்க மேடம். எனக்கு நீ தோத்துட்டன்னு கேட்டுச்சு." அதுக்கப்புறம் மிஷின்ல முதுகு காட்டி நிப்பா, நான் பார்த்து எழுதிப்பேன், வாயத் திறக்க மாட்டேன். அந்த முறைய அவளுக்குச் சொல்லிக் குடுத்தது சைக்காலஜிஸ்ட். ஆனா வாயத் திறக்காம இருக்க நான் பழக ரெண்டு மூணு மாசம் ஆச்சு.

கேஸ் ஷீட்டப் பார்த்தா 2024 மார்ச்லயே அவ நார்மல். பொட்டாசியம் 4-க்கு மேல, எடை ஓகே. நான் "இம்ப்ரூவ்ட்"னு எழுதியிருக்கேன். அவ சொல்றா, ரெண்டு வருஷத்துலயே மோசமான மாசம் அதுதானாம். உடம்பு மட்டும் சரியாயிருச்சு, மண்டை அப்டியே இருக்கு, இதுல எல்லாரும் இவ குணமாயிட்டான்னு விட்டுட்டாங்க. "முன்னாடி பார்க்கவாவது நோயாளி மாதிரி இருந்தேன்."

சைக்காலஜிஸ்ட் அவள ஒரு லெட்டர் எழுதச் சொல்லியிருக்காங்க. உன் நோய் உன் ஃபிரெண்டுன்னு வெச்சு ஒண்ணு, எதிரின்னு வெச்சு ஒண்ணு. லண்டன்ல செர்பெல், ட்ரஷர் குழு அனோரெக்சியா நோயாளிகள்கிட்ட இப்டி எழுத வாங்கி 1999-ல கட்டுரையா போட்டிருக்காங்க, நான் அப்புறம் தேடிப் படிச்சேன். இது என்னப் பாத்துக்குது, எனக்குன்னு ஒரு பிடி குடுக்குதுன்னு எழுதினவங்க அதுல உண்டு. நம்ம பொண்ணு ஃபிரெண்டுக்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்கா. எதிரிக்கு நாலு வரி. "வீட்ல எதுவும் என் கையில இல்ல மேடம். தண்ணி எப்ப வரும், அப்பாக்கு வேலை இருக்குமா, நான் மேல படிப்பேனா. இது ஒண்ணுதான் நான் சொன்ன பேச்சு கேட்டுச்சு." அத விடச் சொல்றோம்ல, பதிலுக்கு நாம என்ன குடுக்கிறோம்னு அன்னிக்கு முதல் தடவையா யோசிச்சேன்.

சாப்பாட்டு நோட்டு ஒண்ணு எழுதணும். என்ன சாப்ட்ட, எத்தன மணிக்கு, அப்ப என்ன தோணுச்சு. கலோரி எழுதக்கூடாது. மூணு வேளை, நடுவுல ரெண்டு நொறுக்கு, நேரம் தவறாம. பட்டினி இல்லன்னா அந்த அடங்காத பசி வராது, அது வரலன்னா வாந்தி வராது, கணக்கு அவ்ளோதான். சொல்ல சுலபம். பாதிப் பக்கம் காலியா கொண்டு போவாளாம். சைக்காலஜிஸ்ட் திட்டல. "காலிப் பக்கமும் ஒரு பதில் தான், அடுத்த வாரமும் கொண்டா"ன்னாங்களாம். அவ திரும்பத் திரும்ப போனதுக்கு காரணம் அந்த ஒரு வாக்கியம்னு சொன்னா. நானா இருந்தா, "இப்டி கோஆபரேட் பண்ணலன்னா எப்டிம்மா?"ன்னு கேட்டிருப்பேன்.

2024 ஆகஸ்ட்ல இருந்து ரெண்டு மாசம் ஆளக் காணோம். போன எடுக்கல. மறுபடி ஆரம்பிச்சிருச்சுன்னு புரிஞ்சுது. செமஸ்டர் அரியர், அப்பாவுக்கு வேலை போனது எல்லாம் ஒண்ணா வந்திருக்கு. அக்டோபர்ல அவளே வந்து ஓபி வாசல்ல நின்னா. ஏன் வரல? "நீங்க எல்லாரும் எவ்ளோ சந்தோஷப்பட்டீங்க. எப்டி வந்து சொல்றது?" எனக்கு அது செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. நோயாளி குணமாகறதுல டாக்டருக்கு சந்தோஷம் வரக்கூடாதான்னு கோவமும் வந்துச்சு, பொய் சொல்லல. ஆனா புலிமியாவுல மறுபடி மறுபடி வர்றது சகஜம், அதையும் சேர்த்துத்தான் சிகிச்சை. இத நாங்க முன்னாடியே அவகிட்ட சொல்லி வெச்சிருக்கணும். மலையேறி இறங்கற மாதிரி வரும், இறங்கினாலும் வான்னு.

ஆயா கதையையும் சொல்லணும். ரங்கூன்ல இருந்து வந்தவங்களுக்கு சோறுன்னா எல்லாமே. முகாம்ல தட்டு ஏந்தி நின்ன பொண்ணு அவங்க. அவங்க கையால செஞ்ச மொய்ங்காவ பேத்தி கொமட்டி எடுக்குறத தாங்க முடியல. முதல் ஆறு மாசம் சண்டை, சாபம், வேப்பிலை எல்லாம் நடந்துச்சு. அப்புறம் ஒரு நாள் அவங்களே கூட வந்தாங்க. நான் என்னமோ பெருசா விளக்கத் தயாரானேன். அவங்க கேட்டது ஒரே கேள்வி: "நான் இன்னா பேசணும், அத சொல்லு தாயி." சாப்ட்டியான்னு கேக்காதீங்க, உடம்பப் பத்தி நல்லதும் சொல்லாதீங்க கெட்டதும் சொல்லாதீங்க, சாப்ட்ட அப்புறம் அரை மணி நேரம் அவ கூட உக்காந்து வேற எதாவது பேசுங்கன்னு சொன்னேன். சாப்ட்டியான்னு கேக்காம ஒரு தமிழ் ஆயா எப்டி அன்பு காட்டும், சொல்லுங்க. கஷ்டமான மருந்து அது. ஆனா குடிச்சாங்க. சாப்ட்டு முடிச்சதும் பல்லாங்குழிய எடுத்து வெச்சுக்குவாங்களாம்.

அந்த அரை மணி நேரம் பெரிய உதவின்னு அவ சொல்றா. மாத்திரையும் உதவுச்சுன்னு சொல்றா. எது எவ்ளோன்னு அவளுக்கும் பிரிக்கத் தெரியல, எனக்கும் தெரியல.

என் ஓபியில என்ன மாறுச்சு? எடைய குறைம்மான்னு சொல்ல வேண்டிய இடத்துல இப்ப முதல்ல கேக்கறேன்: "சாப்பாட்டப் பத்தின நெனப்பு தொந்தரவா இருக்கா? சாப்ட்ட அப்புறம் குற்ற உணர்ச்சி வருதா, வாந்தி எடுக்கணும்னு தோணுதா?" ஒரு நிமிஷம் கூட ஆகறதில்ல. அம்மாவ வெளிய நிக்கச் சொல்லிட்டுக் கேக்கணும், அது முக்கியம். இந்த ஒரு வருஷத்துல ரெண்டு பேர் ஆமான்னாங்க. ஒருத்தன் பையன், ஜிம்முக்குப் போறவன். அவங்க கதை அவங்களோடது.

வீட்ல யாருக்காவது இப்டி இருக்கும்னு தோணுச்சுன்னா அரசோட டெலிமானஸ் நம்பர் 14416. தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. மயக்கம், படபடப்பு, கை கால் தளர்ச்சி இருந்தா போன் பண்ணிட்டு இருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க, பொட்டாசியமும் ஈசிஜியும் பாருங்கன்னு நீங்களே கேளுங்க. ரொம்ப நாள் பட்டினி கிடந்து மெலிஞ்சு போனவங்களுக்கு வீட்லயே திடீர்னு நெறைய ஊட்டாதீங்க. உடம்புல பாஸ்பேட் சட்டுனு இறங்கி இதயம் வரைக்கும் பாதிக்கும். சாப்பாட்டக் கூட டாக்டர் மேற்பார்வையில மெதுவா ஏத்தணும்.

போன மாசம் அவ வந்திருந்தா. அரியர் எல்லாம் முடிச்சு ஒரு சின்ன வேலையில சேர்ந்திருக்கா. முதல் சம்பளத்துல ஃபிரெண்ட்ஸோட பாரிமுனைக்குப் போய் அத்தோ சாப்ட்டாளாம், கடை வாசல்ல நின்னுக்கிட்டே. அப்புறம்னு கேட்டேன். "அப்புறம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம்." இல்லம்மா, சாப்ட்ட அப்புறம் எப்டி இருந்துச்சுன்னு கேட்டேன். யோசிச்சா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தின்ன ஒவ்வொரு இட்லியையும் தேதியோட சொல்லக்கூடிய பொண்ணு அது.

"ஞாபகம் இல்ல மேடம். ஏதோ பேசிட்டு வந்தோம்."

கேஸ் ஷீட்ல இத எழுத இடம் எதுவும் இல்ல. பொட்டாசியம் எழுதினேன். முன் பல்லோட உள்பக்கம் அரிச்சிருக்கு, பல் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்து, அடுத்த மாசம் வரச் சொன்னேன்.